பிக்கப் வண்டி வாங்கும் முன்: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சென்னை பாடியில் பிக்கப், லோடு வண்டிகளுக்கான உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். கிளட்ச் பிளேட் வாங்க வருகிறவர்கூட, பில் போடுவதற்குள் "அடுத்து என்ன வண்டி எடுக்கலாம்?" என்று ஆரம்பித்துவிடுவார். வருகிற ஆள் வேறு, சந்தேகம் ஒன்றே. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன். விலை அடிக்கடி மாறுவதால் அதற்குள் போகவில்லை.

முதல் வண்டி வாங்கறேன். குட்டியானை போதுமா, தோஸ்த் சைஸுக்குப் போகணுமா?

உங்கள் சரக்கு முதலில் எடையில் நிறையுமா, இடத்தில் நிறையுமா என்று பாருங்கள். தெர்மாகோல், காலி அட்டைப்பெட்டி, பொரி மூட்டை, பிளாஸ்டிக் நாற்காலி என்றால் டெக், அதாவது பின்னால் சரக்கு வைக்கும் தளத்தின் நீளம்தான் முக்கியம். டைல்ஸ், சிமெண்ட், இரும்பு, தண்ணீர் கேன் என்றால் டெக் பாதிகூட நிறையாமல் எடை முடிந்துவிடும். இது தெரியாமல் ஷோரூமுக்குப் போனால், விற்பவர் எதைக் காட்டுகிறாரோ அதைத்தான் வாங்கி வருவீர்கள்.

2005இல் டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது 16 குதிரைசக்தி கொண்ட இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். குட்டியானை என்று ஊரே பெயர் வைத்த அந்த அளவு வண்டி இன்றும் முக்கால் டன் சுமாருக்குத்தான். டெக் ஏழடி. சவுக்கார்பேட்டை, திருவல்லிக்கேணி சந்துகளில் புகுந்து வர இதை விட்டால் ஆளில்லை. அதற்கு மேல் டாடா இன்ட்ரா வி30 என்றால் 1,300 கிலோ, அசோக் லேலண்ட் தோஸ்த் பிளஸ், இன்ட்ரா வி50 என்றால் 1,500 கிலோ. பொலேரோ பிக்கப்பில் 1,300 கிலோவில் தொடங்கி 1,700க்கு மேலும் வகைகள் இருக்கின்றன.

ஒன்றரை டன் வண்டின்னா ஒன்றரை டன் ஏத்தலாம்ல?

ஏற்றலாம், ஆனால் அந்தக் கணக்கு கம்பெனியிலிருந்து வந்த டெக்கோடு முடிந்துவிடுகிறது. மழைக்கு இரும்புக் கம்பி வளைத்துத் தார்ப்பாய் போட்டால், பக்கப் பலகையை உயர்த்தினால், மூடிய கன்டெய்னர் பாடி கட்டினால், அந்த எடை எல்லாம் உங்கள் சரக்கில்தான் கழியும். ஆர்.சி.யில் மொத்த எடை, காலி வண்டி எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். பாடி கட்டிய பிறகு ஒரு முறை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். மொத்த எடையில் அதைக் கழித்து, டிரைவரையும் கூட வரும் லோடுமேனையும் கழித்தால் மிஞ்சுவதுதான் உண்மையான லோடு.

தண்ணீர் கேனையே எடுத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் கேன் ஒன்று 20 கிலோவுக்கு மேல். முக்கால் டன் வண்டியில் 36 கேன் வைத்தாலே கணக்கு முடிந்தது. டெக்கில் அது ஒரே தட்டு, அதிலும் ஓரமாக இடம் மிச்சம் இருக்கும். ஓ.எம்.ஆர். பக்கம் அதே வண்டியில் இரண்டு தட்டு, மூன்று தட்டு அடுக்கிப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த வண்டிகளின் பின் வீல் பேரிங்கும் பிரேக் லைனிங்கும்தான் என் கடையில் அடிக்கடி விற்பவை.

பட்டை ரெண்டு சேர்த்துக் கட்டிட்டா அதிகமா ஏத்தலாம்னு ஷெட்ல சொல்றாங்களே?

பின் சக்கரங்களுக்கு மேல் எடையைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்கைத்தான் பட்டை என்கிறோம். அதைச் சேர்த்தால் வண்டியின் பின்பக்கம் தொங்காது, அவ்வளவுதான். பிரேக், ஆக்சில், டயர், சேஸிஸ் எல்லாம் பழைய எடைக்குச் செய்தவை. பின்பக்கம் தொங்குவதுதான் "இதற்கு மேல் வேண்டாம்" என்று வண்டி உங்களிடம் சொல்லும் வழி. பட்டை சேர்த்தால் அது சொல்வதும் நின்றுவிடும். பாலத்திலிருந்து இறங்கும்போது பிரேக் பிடித்தால்தான் உண்மை தெரியும்.

சட்டமும் இங்கே கடுமை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. அதிகப்படி சரக்கை அங்கேயே இறக்கச் சொல்லவும் அதிகாரம் உண்டு. ஒரு தடவை மாட்டினால் அந்த மாத லாபம் அதோடு போச்சு.

அப்போ காலியா போறப்ப தூக்கித் தூக்கிப் போடுதே, பட்டையை எடுத்துடலாமா?

எடுக்க வேண்டாம். ஒன்றரை டன்னைத் தாங்கச் செய்த பட்டை, காலி டெக்குக்கு அசையவே அசையாது. பள்ளம் நேராக டிரைவரின் முதுகில் ஏறும். எல்லாப் பிக்கப்பிலும் இது உண்டு. டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் போன்ற விலை உயர்ந்தவற்றில் முன்பக்கம் காரைப் போலக் காயில் ஸ்பிரிங்தான், ஆனால் பின்பக்கம் பட்டைதான். காலியாக ஓட்டிப் பார்த்தால் அவற்றிலும் பின்சீட்டில் இருப்பவருக்குத் தெரியும்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு: டயர் காற்று. முழு லோடுக்கு வைக்கும் காற்றோடு காலி வண்டியை ஓட்டுவதால்தான் பாதி குலுக்கல். கதவுச் சட்டத்திலோ கையேட்டிலோ லோடுக்கு ஒன்று, காலிக்கு ஒன்று என்று இரண்டு அளவு கொடுத்திருந்தால் அதன்படி மாற்றுங்கள். பட்டை நுனியில் இருக்கும் புஷ், ஷாக் அப்சார்பர் இரண்டையும் பாருங்கள். அவை தேய்ந்துபோய், வண்டியே இப்படித்தான் என்று நினைத்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். காலியாகத் திரும்பும்போது மழை ரோட்டில் வேகம் குறைவாக இருக்கட்டும். பின்பக்கம் எடை இல்லாததால் சடாரென்று பிரேக் பிடித்தால் வழுக்கும்.

டீசலா, பெட்ரோலா, சி.என்.ஜி.யா? ஒண்ணு மட்டும் சொல்லுங்க.

ஒன்று மட்டும் சொல்ல முடியாது. ஆனால் மூன்று கேள்வி கேட்டால் உங்களுக்கே தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? எவ்வளவு பாரம்? ஊருக்குள் மட்டுமா, திருவள்ளூர், வேலூர், திண்டிவனம் என்று வெளியூரும் உண்டா?

அம்பத்தூரில் கிளம்பி அண்ணாநகர், கொளத்தூர் என்று கடை கடையாகப் போட்டுவிட்டுத் திரும்பும் வண்டிக்கு டீசல் தேவையில்லை. பெட்ரோல் வண்டி விலையில் குறைவு, சத்தம் குறைவு, செலவு வைக்கும் இடங்களும் குறைவு. கேஸ் பங்க் உங்கள் வழியிலேயே இருந்தால் சி.என்.ஜி. இன்னும் லாபம். ஆனால் சிலிண்டரின் எடையும் உங்கள் லோடில்தான் கழியும். மாருதி சூப்பர் கேரியில் பெட்ரோல் வண்டி 740 கிலோ ஏற்றும், சி.என்.ஜி. வண்டி 625 கிலோ. அதில் பெட்ரோல் டேங்க் வெறும் 5 லிட்டர் என்பதால் கேஸ் தீர்ந்தால் அடுத்த பங்க் வரை போகத்தான் உதவும். வரிசையில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். செங்குன்றத்திலிருந்து அரிசி, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து உதிரிபாகம் என்று ஒரு டன்னுக்கு மேல் தினமும் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு டீசல்தான் சரி.

ரெண்டு வண்டிக்கும் 80 குதிரைசக்தின்னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் ஒண்ணு இழுக்குது, ஒண்ணு திணறுது?

குதிரைசக்தி எவ்வளவு வேகமாக ஓட்டலாம் என்பதோடு சம்பந்தப்பட்டது. நின்ற இடத்திலிருந்து பாரத்தோடு கிளம்பவும் மேடு ஏறவும் வேண்டியது இழுவை, அதாவது டார்க். சூப்பர் கேரியின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஏறக்குறைய 80 குதிரைசக்தி, தோஸ்த்தின் 1.5 லிட்டர் டீசலும் 80. ஆனால் இழுவை முதலதில் 104 நியூட்டன் மீட்டர், இரண்டாவதில் 190. அந்த 190ம் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே கிடைத்துவிடும். பெட்ரோலில் எஞ்சினை முறுக்கினால்தான் முழு இழுவை வரும்.

முழு லோடோடு கத்திப்பாரா மேம்பாலத்தில் நெரிசலில் நின்று நின்று ஏறிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். இழுவை போதாத வண்டியில் டிரைவர் கிளட்சைப் பாதி அழுத்திக்கொண்டே ஏறுவார். பிளேட் கருகும் வாடை கேபினுக்குள் வரும். மேலே சொன்ன எடைக் கணக்கைச் சரியாகப் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை வருவதில்லை.

புது டீசல் வண்டியில ஒரு மஞ்சள் லைட் எரிஞ்சு இழுவையே இல்லாம போயிடுது. என்ன கோளாறு?

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். சேர்ந்த கரியை வண்டி அவ்வப்போது தானே எரித்துச் சுத்தம் செய்யும். அதற்குப் புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும், சூடேற வண்டி தொடர்ந்து ஓட வேண்டும். ஊருக்குள் ஒரு கிலோமீட்டர் ஓடி, நிறுத்தி, சரக்கு இறக்கி, மறுபடி ஒரு கிலோமீட்டர் என்று போனால் எரியவே வாய்ப்பில்லை. கரி அடைத்துக்கொண்டால் எஞ்சின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும்.

லைட் எரிந்தவுடன் பைபாஸ் ஏறுங்கள். பெருங்களத்தூரிலிருந்து புழல் வரை போகும் சென்னை பைபாஸில் நெரிசல் இல்லாத நேரத்தில் ஒரே சீரான வேகத்தில் கால் மணி, இருபது நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். கரி எரிந்துகொண்டிருக்கும்போது பாதியில் வண்டியை அணைக்காதீர்கள். அப்படித் திரும்பத் திரும்ப அணைத்தால் எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் குச்சியில் அளவு ஏறியிருந்தால் அதுதான் காரணம், உடனே ஆயில் மாற்றுங்கள். வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புகைச் சோதனையில் தவறி, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) கிடைக்காமல் போகும். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர் டீசல் வாங்க வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிரைவர் ஓட்டற வண்டிக்கு எதுக்கு ஏ.சி.? டீசல்தான் வீண்?

இந்தக் கேள்வியைக் கேட்கும் முதலாளிகளிடம் நான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசுவேன். ஏஸ், சூப்பர் கேரி மாதிரி மூக்கு இல்லாத வண்டிகளில் எஞ்சின் இருப்பது சீட்டுக்கு அடியில். மே மாத மதியம் பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் மேலே தகரம் காயும், கீழே எஞ்சின் கொதிக்கும். டிரைவர்கள் சீட்டில் கோணிப்பை மடித்துப் போட்டு, கழுத்தில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருப்பார்கள். காலை மூன்று மணிக்குக் கோயம்பேட்டில் லோடு ஏற்றியவர் மதியம் இரண்டு மணிக்கும் அதே சீட்டில்தான் இருப்பார். களைத்த கண்ணும் களைத்த காலும்தான் முன்னால் போகும் வண்டியில் கொண்டுபோய் இடிக்கும். கிளட்ச் பிளேட் சீக்கிரம் போவதற்கும் அந்தக் கால் ஒரு காரணம்.

ஏ.சி. போட்டால் மைலேஜ் கொஞ்சம் குறையும், உண்மைதான். சின்ன எஞ்சின் என்றால் மேடு ஏறும்போது இழுவையும் குறைவது தெரியும், அப்போது அணைத்துக்கொள்ளலாம். ஆனால் நல்ல டிரைவர் நிலைக்காமல் மூன்று மாதத்துக்கு ஒருவர் மாறும் செலவோடு ஒப்பிட்டால் அந்த டீசல் பெரிதே இல்லை. 2025 அக்டோபர் முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். பிக்கப்கள் அந்த எடைக்குக் கீழே வருவதால் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. சட்டம் சொல்லாவிட்டாலும் வாங்கிக் கொடுங்கள் என்பதே என் கருத்து. 2011இல் தோஸ்த் வந்தபோதே ஏ.சி., பவர் ஸ்டீயரிங் உள்ள வகை இருந்தது. இது புதுப் பழக்கமும் இல்லை.

ஏ.சி. வாங்க பட்ஜெட் இல்ல. வேற எதைப் பார்க்கணும்?

பவர் ஸ்டீயரிங்கை விடாதீர்கள். மார்க்கெட்டுக்குள் லோடோடு ரிவர்ஸ் எடுத்து ஒடித்துத் திருப்பும்போது தோள்பட்டைக்கு அதன் அருமை தெரியும். அடுத்தது சீட்: முதுகைச் சாய்க்க முடிகிறதா, முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பாருங்கள். வாங்கப் போகும்போது ஓட்டப்போகிறவரையே கூட்டிப் போய் உட்காரவையுங்கள். பொலேரோ பிக்கப் மாதிரி எஞ்சின் முன்னால் மூக்குக்குள் இருக்கும் வண்டியில் சூடு குறைவு, மோதினால் காலுக்கு முன்னால் கொஞ்சம் இரும்பும் இருக்கும். ஆனால் அதே நீள டெக்குக்கு மொத்த வண்டி நீளமாகிவிடும், சந்தில் திருப்ப இடம் கூடுதலாக வேண்டும்.

கார் லைசென்ஸ்தான் இருக்கு. பேட்ஜ், பெர்மிட் எல்லாம் எடுக்கணுமா?

மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியைக் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. இங்கே பேசும் எல்லாப் பிக்கப்பும் அதற்குள்தான். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் வேண்டாம். பெரிய பிக்கப்கள் சில அதைத் தாண்டும், எனவே ஆர்.சி.யைப் பாருங்கள். எஃப்.சி. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு வருடா வருடம்.

சைட்டுக்கு ஆளுங்களையும் பின்னாடி ஏத்திக்கலாமா?

கூடாது. டெக்கில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. விபத்து நடந்தால் சரக்கு வண்டியின் டெக்கில் இருந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். ஆளும் பொருளும் சேர்ந்து போக வேண்டும் என்றால் பொலேரோ கேம்பர், யோதா க்ரூ கேப் மாதிரி இரண்டு வரிசை சீட் உள்ள வண்டி இருக்கிறது. மின்சார வேலை, லிஃப்ட் வேலை எடுப்பவர்கள் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். டெக் நீளம் குறையும், ஆனால் ஐந்து பேர் சீட்டில் பெல்ட்டோடு போவார்கள்.

வீட்டுக்கும் கடைக்கும் ஒரே வண்டியா ஹைலக்ஸ் இல்ல வி-கிராஸ் எடுத்தா?

இரண்டும் அருமையான வண்டிகள். வி-கிராஸ் நமக்குப் பக்கத்திலேயே, ஆந்திர எல்லை தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் தயாராகிறது. 1.9 லிட்டர் டீசல், 163 குதிரைசக்தி, 360 நியூட்டன் மீட்டர் இழுவை. 2022இல் வந்த ஹைலக்ஸில் 2.8 லிட்டர், 204 குதிரைசக்தி, ஆட்டோமேட்டிக்கில் இழுவை 500. குடும்பத்தோடு ஏலகிரி போகலாம், பண்ணைக்கு உர மூட்டையும் கொண்டுபோகலாம்.

ஆனால் கடை லோடுக்கு இதை நம்பாதீர்கள். டெக் ஏறக்குறைய ஐந்தடிதான். ஐந்து பேரும் ஏறிவிட்டால் சரக்குக்கு மிஞ்சும் எடை குட்டியானையை எட்டாது. வெள்ளை போர்டில் பதிந்துவிட்டு வாடகைக்குச் சரக்கு ஏற்றவும் கூடாது. இன்னொன்று, இரண்டுமே 5.3 மீட்டர் அளவு நீளம். நம் அடுக்குமாடிகளில் கார் நிறுத்தத்துக்குக் கோடு போட்டிருப்பது பெரும்பாலும் ஐந்து மீட்டர். டேப் எடுத்து அளந்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

வெள்ளத்துக்கு ஃபோர் வீல் டிரைவ் இருந்தா கவலையில்லதானே?

ஃபோர் வீல் டிரைவ் சேற்றிலும் மணலிலும் சக்கரம் சுழன்று நிற்காமல் காப்பாற்றும். தண்ணீரின் ஆழத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆழத்தைத் தீர்மானிப்பது எஞ்சின் காற்று இழுக்கும் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான். ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீட்டர் வரை என்று சொல்கிறார்கள். 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் நின்ற தண்ணீருக்கு அது எந்த மூலை? தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இழுத்து வந்து, எஞ்சின், கியர், பின் ஆக்சில் ஆயில் மூன்றையும் பாருங்கள். பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. காய்ந்த தார்ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டுவதும் தவறு, திருப்பத்தில் கியர்கள் ஒன்றோடொன்று இறுகித் தேயும்.

கரண்ட் வண்டி எடுக்கலாமா அண்ணா?

தினமும் ஒரே வழி, இரவு ஒரே இடத்தில் நிறுத்தம், அங்கே உங்கள் பெயரில் மின் இணைப்பு: இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக. 2022இல் வந்த ஏஸ் ஈ.வி. 600 கிலோ ஏற்றும், ஒரு சார்ஜுக்குச் சான்றிதழ்படி 154 கிலோமீட்டர் ஓடும். லோடும் நெரிசலுமாக அது குறையும் என்று வைத்து, உங்கள் தினசரி ஓட்டம் அதில் பாதியைச் சற்றுத் தாண்டும் அளவுக்குள் இருந்தால் பயமில்லை. கிளட்ச் கிடையாது, எஞ்சின் சூடு கிடையாது, நின்ற இடத்திலேயே முழு இழுவை. டிரைவருக்கு இதைவிடச் சுகமான வண்டி இந்த அளவில் இல்லை. தெருவில் நிறுத்துகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

ஜி.எஸ்.டி. குறைஞ்சதால இப்பவே வாங்கிடலாமா?

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. கரண்ட் வண்டிக்கு 5தான். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம் என்பதால் அவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. பதிவு இல்லாத சின்ன வியாபாரிக்கு நேரடி லாபம். ஆனால் லோடு கைவசம் இல்லாமல் வரிக்காக வண்டி வாங்கினால் மாதத் தவணை கழுத்தைப் பிடிக்கும்.

வாரத்துல ரெண்டு நாள்தான் பெரிய லோடு, மத்த நாள்ல அரை டன்தான். பெரிய வண்டியே எடுத்துடட்டுமா?

வேண்டாம். ஐந்து நாள் பெரிய எஞ்சினுக்கு டீசல் ஊற்றி, காலி டெக்கோடு முதுகை உடைத்துக்கொண்டு ஓட்டுவீர்கள். பெரும்பாலான நாள் எது ஓடுகிறதோ அதற்கு வண்டி வாங்குங்கள், நல்ல சீட்டோடு. அந்த இரண்டு நாளுக்கு ஸ்டாண்டில் வாடகை வண்டி பிடியுங்கள். ஆறு மாத வாடகை ரசீதைச் சேர்த்து வையுங்கள். அந்த வாடகை, பெரிய வண்டிக்குக் கூடுதலாக வரும் தவணையைத் தாண்டினால் அப்போது வந்து பேசலாம். அந்த இரண்டு நாள் லோடையும் சின்ன வண்டியிலேயே அடுக்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்; பட்டை பற்றி மேலே சொன்னது அதற்குத்தான்.